பூட்டில்லாத அலமாரி

நம் உயர்நிலைப் பள்ளிகளில் புத்தகங்களே இல்லாத பள்ளி அபூர்வம். அரசாங்கம் அவ்வப்போது வாங்கி அனுப்பியவையும், ஊர்ப் பெரியவர்கள் அன்பளிப்பாகக் கொடுத்தவையும், விழாக்களில் வந்து சேர்ந்தவையுமாகச் சில நூறு புத்தகங்களேனும் பெரும்பாலான பள்ளிகளில் உண்டு. ஆயினும் அவை இருப்பது தலைமையாசிரியர் அறையின் மூலையில் நிற்கும் இரும்பு பீரோவில். அந்தப் பீரோவின் சாவி இருப்பதோ, வகுப்புக்கு வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியரின் பையில். மாணவரிடத்தில் வாசிக்கும் பழக்கம் அருகிவிட்டது என்று மேடைதோறும் வருந்துகிறோம். தொலைக்காட்சியையும் கைபேசியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கைபேசி எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, புத்தகம் மட்டும் பூட்டுக்குள் கிடக்கிறது என்ற பிரத்தியட்சமான வேற்றுமையை நீக்கிவிட்டு, அதன் பிறகு பிள்ளைகளைக் குறை சொல்வதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

பூட்டி வைக்கும் ஆசிரியரைக் கடிந்துகொள்வதிலும் பயனில்லை. அவர் தமிழோ கணிதமோ கற்பிப்பதற்காக நியமிக்கப்பட்டவர். நூலகப் பொறுப்பு அவர் தலையில் உபரியாக ஏற்றப்பட்ட காரியம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் இருப்புப் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. சரிபார்ப்பு நடக்கும்போது அந்த எண்ணுக்குரிய புத்தகம் நேரில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் விளக்கம் எழுத வேண்டும், சில சமயங்களில் விலையைக் கைப்பணத்திலிருந்து கட்டவும் நேரும். இத்தகைய ஏற்பாட்டில், ஒரு புத்தகத்தையும் எவருக்கும் கொடாமல் புத்தம் புதிதாகக் காத்தவர் குறையற்ற ஊழியர் ஆகிறார். பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தாராளமாகக் கொடுத்து நாலைந்து புத்தகங்களை இழந்தவரோ பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறார். ஆகவே, வாசிப்பை வளர்க்க விரும்பும் தலைமையாசிரியர் முதலில் உபதேசம் செய்ய வேண்டியது மாணவர்களுக்கன்று. தொலைந்ததற்கும் கிழிந்ததற்கும் பொறுப்பாசிரியரைக் கேட்பதில்லை என்று வாக்களித்து, அவற்றை முறைப்படி கழிவுக் கணக்கில் எழுதும் பாரத்தைத் தாமே ஏற்று, அந்த ஆசிரியரின் பயத்தைப் போக்க வேண்டும். சுண்ணக்கட்டி கரைந்து போவதை நஷ்டம் என்று எந்தப் பள்ளியும் எழுதுவதில்லை. பிள்ளைகள் கைபட்டுத் தேய்ந்த புத்தகமும் அந்த வகைச் செலவே.

இவ்விஷயத்தில் வழிகாட்டி வேண்டுமென்று நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1892-இல் சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்த எஸ்.ஆர். இரங்கநாதன், வேலையேற்ற புதிதில் நூலகத்தின் தனிமையைச் சகிக்கமாட்டாமல் மீண்டும் வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பியவர். லண்டனுக்குச் சென்று பயிற்சி பெற்றபோது, அங்குள்ள பொது நூலகங்கள் ஊராரின் அன்றாட வாழ்வோடு எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று நேரில் கண்ட பின்னரே அவர் மனம் மாறியது. நூலகத்துக்குரிய ஐந்து விதிகளை விவரிக்கும் அவருடைய ஆங்கில நூல் 1931-இல் வெளிவந்தது. புத்தகம் காத்து வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பது அவற்றுள் முதலாவது விதியின் சாரம். இதைச் சொல்ல ஒரு விதியும் வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்தார்கள்; இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு தேவாலயத்தில் அந்தச் சங்கிலிகளை இன்றும் காணலாம். நம் பீரோவின் பூட்டு அச்சங்கிலியின் வமிசத்தைச் சேர்ந்ததுதான்.

இரங்கநாதனுடைய பெருமை, விதியைச் சொன்னதோடு நில்லாமல், அதிலிருந்து நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எந்நேரம் திறந்திருக்க வேண்டும், அலமாரி எவ்வளவு உயரம் இருக்கலாம், பணியாளர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பது வரையில் ஒவ்வொன்றையும் வருவித்துக் காட்டியதில் இருக்கிறது. மேல்தட்டு, தரையில் நிற்கும் சராசரி உயரமுள்ளவரின் கைக்கு எட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. உயர்நிலைப் பள்ளியிலோ ஆறாம் வகுப்பில் பதினொரு வயதுப் பிள்ளை நிற்கிறது. அதன் கைக்கு எட்டாத தட்டில் அடுக்கிய புத்தகம், பீரோவுக்குள் இருந்தாலும் ஒன்றுதான், வெளியே இருந்தாலும் ஒன்றுதான்.

தமிழில் சிறுவர்க்கென வெளிவரும் புத்தகங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட் போன்ற ஸ்தாபனங்கள் அழகழகான சித்திரங்களோடு வெளியிடும் குழந்தை நூல்களில் மிகப் பல, மெலிந்தவை. நடுவில் இரண்டு கம்பித் தையல் போட்டு மடித்தவை. அவற்றுக்கு முதுகு என்பதே கிடையாது. ஆகையால் அலமாரியில் செங்குத்தாக நிறுத்தினால் தலைப்பும் தெரியாது, ஆசிரியர் பெயரும் தெரியாது. வெள்ளைத் தாளின் விளிம்புகள் மட்டும் வரிசையாகத் தெரியும். அந்த வரிசையிலிருந்து ஒன்றை உருவி எடுக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? அதே புத்தகங்களை நடைபாதைச் சுவரில் பிள்ளைகளின் மார்பளவு உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, நடுப்பக்கத்தை விரித்து, அட்டைப்படம் வெளியே தெரியும்படி தொங்கவிட்டால் நடப்பது வேறு. தண்ணீர் குடிக்கப் போகிற பெண் யானைப் படத்தைக் கண்டு நிற்கிறாள்; கழற்றாமலே நாலு பக்கம் புரட்டுகிறாள்; மணி அடித்ததும் அதைக் கயிற்றிலிருந்து உருவிக்கொண்டு போகிறாள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார் என்று இரங்கநாதன் மூன்றாம் விதியில் கருதியது இத்தகைய சந்திப்பைத்தான். வாசகரை அலமாரியண்டை சுதந்திரமாக நடமாட விட வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதற்கும் அதுவே காரணம்.

எதைக் கொடுப்பது என்ற கேள்வியில்தான் பெரியவர்களாகிய நாம் அதிகம் தடுமாறுகிறோம். அன்பளிப்பாக வரும் நூல்களில் அறவுரைகளும், முன்னேற்ற வழிகாட்டிகளும், போட்டித் தேர்வுக் கையேடுகளும் நிறைந்திருக்கின்றன. பதின்மூன்று வயதுச் சிறுவன் பேயையும், துப்பறிபவனையும், பாம்பையும், கிரிக்கெட் வீரனையும், விண்கலத்தையும் நாடுவது அவ்வயதின் சுபாவம். 1972-இல் தோன்றிய முத்து காமிக்ஸின் சித்திரக்கதைகளைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்களுள் எத்தனையோ பேர் பிற்காலத்தில் கனமான நூல்களைத் தேடிப் படித்தார்கள். ஆகவே சித்திரக்கதையை நூலகத்துக்குள் அனுமதிப்பதில் எனக்குச் சற்றும் தயக்கம் இல்லை. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’, அடுத்த இதழ் எப்போது வரும் என்று வாசகரை ஏங்கவைக்கும் விதத்தில் அத்தியாயம் அத்தியாயமாக நிறுத்தி நிறுத்தி எழுதப்பட்டது. ஒன்பதாம் வகுப்பு மாணவனை ஐந்து பாகங்களின் வழியே இழுத்துச் செல்லும் சக்தி அந்த நிறுத்தங்களுக்கு இன்னும் இருக்கிறது. முதல் பாகத்தில் மட்டும் நாலைந்து பிரதிகள் வைத்திருப்பது புத்திசாலித்தனம். விஞ்ஞானத்தை நல்ல தமிழில் கதை போலச் சொன்ன பெ.நா. அப்புசாமியின் கட்டுரைகளும் பக்கத்தில் இருக்கட்டும்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில்கூட எழுத்துக்கூட்டியே படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் கையில் தடித்த நூலைக் கொடுப்பது அவர்களை நாணவைப்பதாகும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2023-இல் ஆரம்பித்த வாசிப்பு இயக்கத்தில், நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் சின்னஞ்சிறு புத்தகங்களை வெளியிட்டிருப்பது இவர்களைக் கருதிய நல்ல காரியம். மெலிந்த புத்தகங்களை இன்ன வகுப்புக்கு என்று பிரிக்காமல் எல்லாவற்றோடும் கலந்து வைத்துவிட்டால், பத்தாம் வகுப்பு மாணவனும் கூச்சமின்றி ஒன்றை எடுப்பான்.

எடுத்துப் படித்தவனிடம் உடனே கருத்துச் சுருக்கம் எழுதிக் கொண்டுவா என்று சொல்வது நம்மிடையே ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. நல்லெண்ணத்தோடு செய்வதுதான், ஆனால் அது புத்தகத்தை மற்றொரு வீட்டுப்பாடமாக்கி, இரண்டாவது புத்தகத்தின் மீதுள்ள ஆசையை முதல் புத்தகத்திலேயே அவித்துவிடுகிறது. ஜப்பானில் சிபா மாகாணத்தைச் சேர்ந்த ஃபுனாபாஷி நகரின் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், ஹயாஷி ஹிரோஷி என்ற ஆசிரியரின் யோசனையால் 1988-இல் ஒரு சிறு வழக்கம் ஆரம்பமாயிற்று. காலையில் பாடம் தொடங்குமுன் பத்து நிமிஷம் எல்லோரும் மௌனமாக வாசிப்பது. ஒருநாளும் விடாமல் வாசிப்பது. அவரவர்க்குப் பிடித்ததை வாசிப்பது. வாசித்ததற்கு மேல் ஒன்றும் செய்யாதிருப்பது. மதிப்பெண் இல்லை, கட்டுரை இல்லை, கேள்வி இல்லை. எல்லோரும் என்பதில் ஆசிரியரும் அடக்கம். இந்த வழக்கம் பிற்பாடு ஜப்பான் தேசத்தில் 20,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் பரவியது. நம் பள்ளிகளில் வாரத்துக்கொரு நூலகப் பாடவேளை கால அட்டவணையில் அச்சிட்டிருந்தாலும், தேர்வு நெருங்க நெருங்க அதைக் கணிதமும் ஆங்கிலமும் விழுங்கிவிடுவது வாடிக்கை. நாள்தோறும் பத்து நிமிஷத்தை அவ்வளவு சுலபமாக விழுங்க முடியாது. அந்த நேரத்தில் ஆசிரியர் திருத்த வேண்டிய விடைத்தாள்களை மூடி வைத்துவிட்டுத் தாமும் ஒரு நாவலை விரித்துக்கொண்டு உட்கார்வாரானால், வாசிப்பின் நன்மை பற்றி அவர் ஆற்றக்கூடிய எந்தச் சொற்பொழிவும் அதற்கு ஈடாகாது.

புத்தகம் வழங்கும் வேலையை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். வழங்கல் பதிவேட்டில் பெயரும் தேதியும் எழுத அவர்களுக்குத் தெரியும். அதைவிட, எந்தப் புத்தகம் யாருக்குப் பிடிக்கும் என்பதும் தெரியும்.

ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும் வரையில் பிள்ளைகளுக்கு வேறெப்போதும் இல்லாத அவகாசம் கிடைக்கிறது. சரிபார்ப்பை உத்தேசித்து மார்ச்சிலேயே புத்தகங்களைத் திரும்ப வாங்கிப் பூட்டிவிடும் பள்ளிகள், சரிபார்ப்பை ஜூலைக்குத் தள்ளிவிட்டு, கடைசித் தேர்வன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று நான்கு புத்தகங்களைக் கொடுத்தனுப்பலாம். பள்ளியில் சரக்குக் குறைவென்றால் ஊரிலேயே அதற்கு மாற்று உண்டு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், இரங்கநாதனின் விடாமுயற்சியால் 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க வழிசெய்தது. அந்த வரியின் பயனாக மாவட்டந்தோறும் கிளை நூலகங்கள் பெருகின. பிள்ளைகளின் பெற்றோர் அந்த வரியை இன்றளவும் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். கிளை நூலகரை ஒருநாள் பள்ளிக்கு அழைத்து, உறுப்பினர் படிவங்களை அங்கேயே நிரப்பி மார்ச் மாதத்தில் கொடுத்துவிட்டால், விடுமுறை விடுமுன் பிள்ளைகளின் கைக்கு உறுப்பினர் அட்டை வந்து சேர்ந்துவிடும்.