மரபணு அறிக்கை வாங்கும் முன்

தோல் புற்றுநோய்களில் உயிருக்கு அதிகம் உலை வைப்பது மெலனோமா. அது வருவதில் பரம்பரைக்குப் பங்குண்டு என்பது பழைய செய்தி. வந்தபின் ஒருவர் எவ்வளவு காலம் பிழைத்திருப்பார் என்பதிலும் பரம்பரை தலையிடுகிறது என்பதற்கு இப்போது சான்றுகள் சேர்ந்து வருகின்றன. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்துக்கான ஏபிஓஇ மரபணுவைப் பற்றியது. அதன் நான்காம் எண் வடிவம் அல்சைமர் மறதிநோய்க்கு வழிவிடும் என்று கெட்ட பெயர் வாங்கியது; இரண்டாம் எண் வடிவம் அந்த நோயிலிருந்து காப்பது. மெலனோமா நோயாளிகளிடம் கணக்கு தலைகீழாக இருந்தது: நான்காம் எண்காரர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள், இரண்டாம் எண்காரர்கள் குறைந்த காலமே.

ஒரு நோயில் பகையான மரபணு இன்னொன்றில் துணை நிற்கிறது என்றால், அதை வைத்துக் காப்பீட்டிலோ வேலையிலோ ஒரு மனிதருக்கு விலை குறிப்பது எப்படி நியாயமாகும்? அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டு மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் இதைத் தடுக்கிறது. வேலையில் பாகுபாடு நடந்தால் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் பொதுவாக 180 நாட்களுக்குள் புகார் தர வேண்டும். ஆயுள் காப்பீட்டை இந்தச் சட்டம் தொடவில்லை, ஓட்டை அங்கேதான். ஃபுளோரிடா மாநிலம் 2020இல் அதைத் தானே அடைத்துக்கொண்டது. பரிசோதனையில் தெரிந்த ஆபத்தை மறைத்துச் சிலர் பெருந்தொகைக்குக் காப்பீடு எடுப்பார்களே என்பது காப்பீட்டு நிறுவனங்களின் வாதம். பொய்யான வாதம் அல்லதான். ஆனால் பயந்து பரிசோதனையையே தவிர்ப்பவர் நோய் முற்றி வந்தால், அந்த இழப்பீட்டையும் நிறுவனம்தானே தர வேண்டும்?

அப்படியானால் பரிசோதனையே வேண்டாமா என்றால், குடும்பத்தைப் பொறுத்தது. நெருங்கிய உறவினர் பலருக்கு மெலனோமா வந்த குடும்பங்களில் சிடிகேஎன்2ஏ மரபணுவைப் பார்ப்பது பயன் தரும். அதில் பழுதிருந்தால் கணையப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு கூடும். அவர்கள் மெலனோமா வந்தபின் பிழைத்திருக்கும் காலமும் குறைவு என்கிறது ஸ்வீடன் குடும்பங்களில் நடந்த ஆய்வு. மரபணுவை மாற்ற முடியாது, ஆனால் தோல் மருத்துவரிடம் தவறாமல் காட்டிவந்தால் கட்டி மெல்லியதாக இருக்கும்போதே அகப்படும். பிழைத்திருப்பதைப் பெரிதும் தீர்மானிப்பது கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதுதான். ஏபிஓஇ இன்னும் சிகிச்சையை முடிவு செய்யும் நிலைக்கு வரவில்லை. அதற்காகப் பணம் கட்டுவது வீண். தவிர, இத்தரவுகள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினருடையவை. கருந்தோலினருக்கு மெலனோமா அரிது என்றாலும், வரும்போது வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருகிறது. நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கருங்கோட்டுக்கு மரபணு அறிக்கை தேவையில்லை, தோல் மருத்துவர் போதும்.