வால்வின் குரலும் கணக்கின் குரலும்

என் இளமையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. திருகைத் திருப்பியவுடன் அது பேசாது. உள்ளிருக்கும் வால்வுகள் செம்மை கொண்டு சூடேறிய பின்னரே வாய் திறக்கும். பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. மரப்பெட்டி பரணுக்கு ஏறியது. அதற்காக எங்களுள் ஒருவரும் வருந்தவில்லை. ஆயினும் உலகில் ஒரு சாரார் மட்டும் வால்வைக் கைவிட மறுத்தனர். அவர்களே மின்கிதார் வாசிப்போர். அன்று அவர்கள் மறுத்ததேன், இன்று பலர் மெல்ல இணங்குவதேன் என்பதை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மின்கிதாரின் தந்தி தானாக உரக்க ஒலிப்பதில்லை. காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருளில் எஃகுத் தந்தியின் அதிர்வு நுண்ணிய மின்னலையை எழுப்புகிறது. அதனைப் பன்மடங்கு பெருக்கி ஸ்பீக்கருக்கு அளிப்பதே ஆம்ப்ளிபயர். 1906-இல் லீ டி பாரஸ்ட் உருவாக்கிய மூன்று மின்வாய் வால்வு இக்கலைக்கு வித்தாயிற்று. வால்வை அளவு மீறி முடுக்கினால், அது அலையின் முகட்டை வெடுக்கென வெட்டுவதில்லை. சிறிது சிறிதாக மழுக்குகிறது. அப்போது மூல ஒலியோடு புதிய மேற்சுரங்கள் கலக்கின்றன. பொறியாளர் கணக்கில் அது குறை. இசைஞர் செவிக்கோ அதுவே குரல். தொடக்கக் காலத்து டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்கள் முகட்டைத் திடீரென வெட்டியதால், பலருக்கு அவற்றின் ஒலி கரகரப்பாகப் பட்டது.

அந்தத் துறையில் கணிப்பொறி நுழைந்தது. 1996-இல் அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் ஆக்ஸிஸ் 212 என்னும் ஆம்ப்ளிபயரை வெளியிட்டது. இவ்வகைக் கருவி, மின்னலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்குகிறது. வால்வும் ஸ்பீக்கரும் அவ்வலையை எவ்வாறு மாற்றும் என்று சமன்பாடுகளால் கணக்கிடுகிறது. விடையை மீண்டும் ஒலியாக்குகிறது. 2011-இல் வந்த ஜெர்மனியின் கெம்பர் கருவி, உண்மையான ஆம்ப்ளிபயருக்குள் சோதனை ஒலிகளைச் செலுத்தி, அதன் இயல்பையே படியெடுத்துக் கொள்கிறது.

வால்வு ஆம்ப்ளிபயரின் சுமையோ பெரிது. வாக்ஸ் ஏசி 30 என்னும் புகழ்பெற்ற பெட்டி சுமார் 30 கிலோ கனம் உடையது. வால்வு தேய்ந்தால் மாற்ற வேண்டும். அதனைச் செய்யும் தொழிற்சாலைகளோ ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா போன்ற சில நாடுகளில் மட்டுமே எஞ்சியுள்ளன. 2022-இல் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, வால்வின் விலை பல நாடுகளில் உயர்ந்தது.

என்னிடம் பௌதிகம் பயின்ற மாணவன் ஒருவன், திரைக்குப் பின்னிருந்து இரண்டு வகைக் கருவிகளையும் வாசித்து, எது எதுவெனக் கேட்டான். மூன்று முறையில் இருமுறை தவறினேன். விடுதி அறையில் காதுபேசியைப் பொருத்தி, எவர் உறக்கத்தையும் கெடுக்காமல் பழகுபவன் அவன். வால்வுப் பெட்டி வாங்கப் பொருளற்ற அவனுக்கு அச்சிறு கருவி இசையின் கதவைத் திறந்தது. அதனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

எனினும் ஒரு செய்தியை அவனுக்குச் சொன்னேன். 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையினர், அமெரிக்கரான லியோ பெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்ளிபயரை மாதிரியாகக் கொண்டு ஒன்று செய்தனர். வால்வுகள் சிலவும் ஸ்பீக்கரும் வேறாயின, குரலும் வேறாயிற்று. அந்தக் குரலே பின்னர் ராக் இசையின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. பிசகிய நகல் புதியதைப் பெற்றது. பிசகாத நகல் எதனைப் பெறும்?

அவன் சற்றே எண்ணி, "சமன்பாட்டிலும் நான் பிசகலாமே, ஐயா" என்றான்.

அவ்விடை எனக்கு நிறைவளித்தது. ஆனால் பிசகுவதற்கும் மூலத்தை அறிந்திருக்க வேண்டும். ஆதலின், நண்பர்களே, பழைய கருவி ஒன்று எங்கேனும் ஒளிர்ந்து கொண்டிருந்தால், அதனருகே சற்று அமர்ந்து கேளுங்கள். நகலைத் திருத்தவும், அதனைக் கடந்து செல்லவும் அந்தச் செவியே உங்களுக்குத் துணையாகும்.