ஆங்கிலேயரும் அவர்தம் ஏணியும்

சூலூரில் விமானத்தளம் ஒன்று இருப்பதை நேயர்கள் அறிவர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945-ஆம் ஆண்டில், அது பிரிட்டிஷ் கடற்படையின் வசம் இருந்தது. அக்கடற்படையின் வழக்கம் ஒன்றுண்டு. கப்பலாயினும் கரையாயினும், அதிகாரிகள் உண்ணும் கூடம் வேறு; அவர்க்கு அடுத்த நிலையினர் உண்ணும் கூடம் வேறு; மாலுமிகள் உண்ணும் கூடம் வேறு. ஒரே நாட்டார், ஒரே பகைவனை எதிர்க்க வந்தவர், ஆயினும் பந்தி மட்டும் மூன்று. படையின் ஒழுங்கு கருதி ஏற்பட்ட முறை இது என்பர். ஆனால் ஆங்கிலச் சமுதாயத்தின் அமைப்பை அறிந்தவர்க்கு, அச்சமுதாயமே இங்கு சிறிய அளவில் தோன்றக் காணலாம்.

உயர் வகுப்பு, நடுத்தர வகுப்பு, உழைப்பாளர் வகுப்பு என மூன்று படிகள் உடையது அச்சமுதாயம். பணம் எவ்வளவு என்பதைக் காட்டிலும், அது எவ்வழியில் வந்தது என்பதே அங்கு முதற்கேள்வியாக இருந்தது. பரம்பரை நிலத்தின் குத்தகையில் வாழ்பவர் உயர்ந்தவர். கடையில் நின்று அளந்து விற்றவர், செல்வத்தில் அவரை விஞ்சினாலும், ஒருபடி தாழ்ந்தவர்.

ஒருவர் எப்படியைச் சேர்ந்தவர் என்பதை அவருடைய சொல்லே காட்டிவிடும். நண்பகல் உணவை ‘டின்னர்’ என்றும், மாலையில் வேலை முடிந்து உண்பதை ‘டீ’ என்றும் கூறுவது உழைப்பாளர் வழக்கம். உயர் வகுப்பினர்க்கோ நண்பகலில் உண்பது ‘லஞ்ச்’. இரவில் உண்பதே ‘டின்னர்’. ஆலன் ராஸ் என்னும் மொழியியற் பேராசிரியர் 1954-இல் பின்லாந்து நாட்டு ஆய்விதழ் ஒன்றில் இத்தகைய சொற்களைத் தொகுத்து எழுதினார். உணவு மேசையில் வாய் துடைக்கும் துணியை ‘நாப்கின்’ என்பவர் உயர் வகுப்பினர். ‘சர்வியட்’ என்பவர் அல்லர் என்றார். நான்சி மிட்ஃபோர்டு என்னும் எழுத்தாளர் இதனை எடுத்து விளக்கவே, நாடு முழுவதும் இது பேச்சாயிற்று. மேலேற விரும்புகிறவன் நாகரிகம் என்று கருதித் தேர்ந்த சொல்லே அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதுதான் இதில் வேடிக்கை.

இந்த ஏணியை அவர்கள் நம் மண்ணுக்கும் கொண்டுவந்தனர். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி மலை ஏறினார். பின்னர் உதகை ஆங்கிலேயரின் கோடை வாழிடமாயிற்று. 1841-இல் அங்கே உதகைக் கிளப் தோன்றியது. அக்காலத்து ஆங்கிலேயர் கிளப்புகளில் அரசாங்க அதிகாரிக்கும் படை அதிகாரிக்கும் முதலிடம், வணிகர்க்குப் பின்னிடம், சில்லறைக் கடைக்காரர்க்குப் பெரும்பாலும் இடமே இல்லை. நம்மவரோ நெடுங்காலம் பணியாளராக மட்டுமே உள்ளே செல்ல இயன்றது.

அவ்வாறு பின்னிடம் பெற்ற வணிக வகுப்பைச் சேர்ந்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் 1861-இல் கோவையில் காப்பிக்கொட்டை பதப்படுத்தும் தொழிலைத் தொடங்கினார். 1862-இல் பள்ளி ஒன்றை நிறுவினார். 1888-இல் நூற்பாலைக்கு அடிகோலினார். கலெக்டர்கள் பலர் வந்தனர்; மாற்றலாகிப் போயினர். கோவையைப் பஞ்சாலை நகரமாக்கிய தொழிலோ, வணிகர் ஒருவர் முன்னின்று தொடங்கியது. சமுதாயம் ஒருவனை நிறுத்தும் படி வேறு, அவன் செய்யும் பணியின் பயன் வேறு என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆங்கிலேயரின் இயல்பில் மற்றொரு பக்கமும் உண்டு. அது வரிசையில் நிற்கும் பழக்கம். 1940 முதல் 1954 வரை அந்நாட்டில் உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. அரச குடும்பத்தினர்க்கும் பங்கீட்டுச் சீட்டு வழங்கப்பட்டது. கடை வாயிலில் முன்வந்தவர் முன்னே, பின்வந்தவர் பின்னே என்பதை அனைவரும் முறையெனக் கொண்டனர். 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரசினர் பள்ளிகளில் உயர்நிலைக் கல்வியைக் கட்டணமின்றி வழங்கவே, உழைப்பாளர் பிள்ளைகளும் அதனால் மேற்படிப்பை எட்டினர். ஏணி அகன்றுவிடவில்லை, ஆயினும் ஏறுவதற்குச் சட்டமும் பள்ளியும் கைகொடுத்தன.

இவற்றைக் கேட்டு ஆங்கிலேயரைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் அவர்கள் அருந்திய தேநீர் விளைந்த அதே மலையின் அடிவாரத்தில், நம் கொங்குநாட்டுத் தேநீர்க் கடைகள் பலவற்றில் இரண்டு வகைக் குவளைகள் வைக்கப்பட்டிருந்ததை மறக்கலாகாது. ஒருவர்க்குக் கண்ணாடிக் குவளை; மற்றவர்க்குத் தனிக் குவளை. ஆங்கிலேயன் தன் சொல்லைத் திருத்தி, இரண்டொரு தலைமுறையில் மகனைப் படிக்கவைத்து மேற்படி ஏறலாம். பிறப்பினால் குவளை பிரித்துக் கொடுக்கப்பட்டவன் எதைத் திருத்திக்கொள்வான்? நம் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு 1950 முதல் தீண்டாமையை ஒழித்தது. அதன் பின்னும் அக்குவளைகள் பல ஊர்களில் நெடுநாள் நீடித்தன.

ஆங்கிலேயரிடமிருந்து நாம் கிளப்பையும் தேநீரையும் விரைந்து கற்றுக்கொண்டோம். அவர்களிடம் கற்கத் தக்கது அந்த வரிசையே. அதில் நிற்பவனிடம் நீ யார் என்று எவரும் கேட்பதில்லை. எப்போது வந்தாய் என்பதே கணக்கு.