பண்டசாலையினின்று புறஞ்செல்லும் பொருள்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே சோழனின் புலிப்பொறி இட்ட பின்னரே பண்டங்களை வெளிவிட்டனர் என்பது பட்டினப்பாலையாற் பெறப்படும். அப்பொறி சுங்கத்தின்பொருட்டு இடப்பட்டதாயினும், புறஞ்செல்லும் பொருளை ஒருவர் கண்டு விடுத்தார் என்பதற்கும் அதுவே சான்றாயிற்று எனலாம். இக்காலப் பண்டசாலையில் அவ்விடத்தைப் பெறுவது இறுதிச் சரிபார்ப்பாகும்.

மருந்துக் களஞ்சியம் ஒன்றை நோக்குக. முதலில் வந்ததை முதலில் விடுத்தல் பொதுவிதி. மருந்துக்கோ அது போதாது. பிந்தி வந்த பெட்டி முந்திக் காலாவதியாதலும் உண்டு. ஆதலின் முந்திக் காலாவதியாவதே முந்திச் செல்லல் வேண்டும்.

கட்டளைச் சீட்டின்படி பொருளை எடுத்தவரே சரிபார்ப்பின், தாம் முன்னர்க் கொண்ட மயக்கத்தையே மீண்டுங் காண்பர். ஒரே மருந்தின் 5 மில்லிகிராம் குளிசையும் 50 மில்லிகிராம் குளிசையும் அடுத்தடுத்து இருக்குமிடத்து இது சிறு பிழையன்று. வேறொருவரே பெயர், வலு, தொகுதி இலக்கம், எண்ணிக்கை என்பவற்றைச் சீட்டுடன் ஒப்பிடல் வேண்டும். பட்டைக்குறியை வாசிக்குங் கருவி இன்று பெருந்துணையே. ஆயினும், மாறி ஒட்டிய சீட்டை அது மாறியே வாசிக்கும்.

லொறியிலோ, கடைசியில் இறக்கவேண்டியது முதலில் ஏறும். இம்முறை பிறழின், முதல் வைத்தியசாலையின் வாயிலிலேயே பெட்டிகள் பலவற்றை இறக்கி மீள ஏற்ற நேரும். சரிபார்த்து விடுத்த பெட்டியும் அங்கேதான் மாறிப்போகின்றது.