வென்றும் அழைக்கப்படாத அணி

பழைய மாணவர் மலரொன்றிலே அயல்நாட்டுக் கல்லூரியொன்றின் விளையாட்டு வரலாறு எற்றுக்கு என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். கல்லூரியின் பெருமையை அது வென்ற கிண்ணங்களின் தொகைகொண்டு அளப்பது நம்மவரிடையே பெருவழக்கு. கிண்ணம் ஏதும் பெறாமலே நிலைத்த புகழெய்திய அணியும் உண்டு. 1951ஆம் ஆண்டின் சன் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி அத்தகையது. அதன் வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, கலிபோர்ணியா மாநிலத்தில், 1855ஆம் ஆண்டு யேசு சபைத் துறவிகள் தொடங்கிய கல்விக்கூடம் அது. பெயரளவிற் பல்கலைக்கழகமாயினும், அக்காலத்தில் மாணவர் தொகையும் பணவளமும் குறைந்த சிறியதொரு கல்லூரியாகவே இருந்தது. பெரிய பல்கலைக்கழகங்களின் அணிகளோடு ஒப்பிடுமிடத்து, அதன் அணிக்கு வாய்த்த வசதிகள் சொற்பமே.

அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பற்றியும் ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். அமெரிக்கர் 'புட்போல்' என்று வழங்குவது நாம் ஆடும் உதைபந்தாட்டம் அன்று. கொழும்பிலும் கண்டியிலும் கல்லூரி மாணவர் ஆடும் 'றகர்' ஆட்டத்தின் இனத்தைச் சேர்ந்தது அது. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடலாம். முன்னோக்கி எறியவும் செய்யலாம். நான்கு முயற்சிக்குள் பத்து யார் தூரம் முன்னேறாவிடின் பந்து எதிரணியின் கைக்குச் செல்லும். பந்துடன் எல்லைக்கோட்டைக் கடந்தால் 6 புள்ளிகள் கிடைக்கும். பந்தை ஏந்தி ஓடுபவனுக்கு முன்னே சென்று, எதிரிகளைத் தடுத்து, வழி திறப்பவர் அவனுடைய தோழரே. அவர் துணையின்றேல் எத்துணை விரைந்தோட வல்லவனும் சில அடி தாண்டுதல் அரிது. புகழ் ஓடியவனைச் சாரினும், உழைப்பு யாவர்க்கும் பொதுவாம்.

1951ஆம் ஆண்டுப் பருவத்தில், யோ குகாரிச் என்னும் பயிற்றுநரின் கீழ் அவ்வணி ஒன்பது ஆட்டங்களை ஆடி, ஒன்பதிலும் வென்றது. நாட்டின் மறுகரையிலுள்ள நியூயோர்க் நகருக்குச் சென்று போடம் பல்கலைக்கழகத்தை 32–26 என்ற கணக்கில் வென்றமை அவற்றுட் குறிப்பிடத்தக்கது. அன்று ஓலி மற்சன் என்னும் வீரர் எதிரணி உதைத்த பந்தைப் பற்றிக்கொண்டு, இருமுறை 90 யாருக்குக் குறையாத தூரம் ஓடிப் புள்ளி ஈட்டினார். அப்பருவத்தில் அவர் பந்துடன் ஓடிய தூரம் 1,566 யார்; நாடு முழுவதிலும் அதுவே முதலிடம். எதிரணியைத் தடுத்து வீழ்த்துவதில் பேர்ள் ரோலர் பெயர் பெற்றார். பசிபிக் கல்லூரியை 47–14 எனவும், இறுதியாட்டத்தில் லொயோலாவை 20–2 எனவும் வென்று, அணி பருவத்தை நிறைவு செய்தது.

அமெரிக்காவிலே பருவம் முடிந்தபின், சிறந்த அணிகளை அழைத்துப் புத்தாண்டையொட்டி ஆடுவிக்கும் 'போல்' ஆட்டங்கள் நிகழ்வதுண்டு. கிண்ண வடிவாய் அமைந்த அரங்கினாலே அப்பெயர் வந்தது. அழைப்புப் பெறுவது பெருமை மட்டுமன்று. கல்லூரிக்குப் பெரும் பணமும் அதனாற் கிடைக்கும். எல்லா ஆட்டத்திலும் வென்ற அணிக்கு அழைப்பு வருமென்று மாணவர் எதிர்பார்த்தது இயல்பே. ஆயின் மற்சனும் ரோலரும் கறுப்பினத்தவர். தென் மாநிலங்களில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்துவைக்கும் சட்டமும் வழக்கமும் அன்று வலுப்பெற்றிருந்தன. அவ்விருவரையும் விட்டுவருவதாயின் தெற்கிலே ஆடுதற்கு அழைப்புக் கிட்டும் என்று தமக்கு உணர்த்தப்பட்டதாக அணியினர் பிற்காலத்திற் கூறினர். மற்றைய வீரர் அதற்கு இசையவில்லை. வழிதிறந்தவரையும் ஓடியவரையும் வேறுபிரித்தால் அணி என்பது ஏது?

இவ்வணி வலிமை குறைந்தாரோடு ஆடியது என்ற காரணமும் அந்நாளிற் கூறப்பட்டது. ஆயினும் இவர்களிடம் 47–14 எனத் தோற்ற பசிபிக் கல்லூரி 1952ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் 'சன் போல்' ஆட்டத்துக்கு அழைக்கப்பட்டது. வென்றவர் வீட்டிலிருந்தனர், அவர்களிடம் தோற்றவர் விழாவில் ஆடினர்.

அம்மறுப்பு இலவசமாய்க் கிடைத்த பெருமையன்று. அணியை நடத்தும் செலவு கல்லூரியை ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தது. போல் ஆட்டத்தின் வருவாய் அச்சுமையைக் குறைத்திருக்கக் கூடும். அது கிட்டவில்லை. பருவம் முடிந்ததும் கல்லூரி அவ்வாட்டத்தையே கைவிட்டது. பின்னாளிற் சிறிய அளவில் அது மீள ஆடப்பெற்றதெனினும், பழைய தரத்தை எய்தவில்லை. மறுப்பதற்கு இசைந்த இளைஞர் தம் கல்லூரி நிறத்தில் மீண்டும் களமிறங்கும் வாய்ப்பை இழந்தனர்.

எனினும் அவர்தம் ஆற்றல் மறைந்துபோகவில்லை. மற்சன் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலமும், 4×400 மீற்றர் அஞ்சலோட்டத்தில் வெள்ளியும் பெற்றார். அவரோடு ஜீனோ மார்க்கெற்றி, பொப் சென் கிளயர் ஆகியோரும் தொழில்முறை ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். ஒரே கல்லூரியணியிலிருந்து மூவர் அவ்வாறு சென்றமை வியத்தற்குரியது. அணியின் செய்தித் தொடர்பாளராயிருந்த பீற் றொசெல் 1960ஆம் ஆண்டு முதல் 1989ஆம் ஆண்டு வரை தேசியத் தொழில்முறைச் சங்கத்தின் ஆணையாளராய் விளங்கினார்.

ரோலரின் வாழ்வே ஆசிரியராகிய எம்மை மிகவும் கவர்வது. முழங்காலிற் பட்ட காயம் தொழில்முறை ஆட்டக்காரராகும் வாய்ப்பைப் பறித்தது. அவர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, சன் பிரான்சிஸ்கோ நகரிலே பாடசாலை அதிபராக உயர்ந்தார். 1965ஆம் ஆண்டில் தேசியத் தொழில்முறைச் சங்கத்தின் முதலாவது கறுப்பின நடுவராகவும் நியமனம் பெற்றார். நிறத்தைக் காட்டி ஆடவேண்டாம் எனப்பட்டவர், ஆட்டத்தின் நீதியை வழங்கும் பொறுப்பை ஏற்றார்.

1951ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான பத்திரிகையாளர் தரவரிசையில் அவ்வணிக்குக் கிடைத்தது பதினான்காம் இடமே. அதற்கு மேலிருந்த அணிகள் பலவற்றின் பெயரை இன்று நினைப்பவர் அரியர். கிண்ணத்தை அடுத்த ஆண்டு வேறொரு கல்லூரி கொண்டுசெல்லும். தோழனை விட்டுக்கொடாத உறுதியை எவரும் கொண்டுசெல்லுதல் இயலாது. நம் மைதானத்தில் ஆடும் மாணவர்க்கு நாம் கற்பிக்கவேண்டியது பந்தடிக்கும் திறன் மட்டுமன்று, அவ்வுறுதியுமேயாம்.