சிறு தொட்டியில் டெண்ட்ரோபியம்

1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளரைக் குடியேற்றிய ஊர் காலடிப்பேட்டை என்பதை அங்கத்தினர் பலரும் அறிவர். காலெட்பேட்டை என்ற பெயரே நாளடைவில் இவ்வாறு மருவிற்று. தறிக்கென எழுந்த இவ்வூரில் இன்று தோட்டம் போட மண் ஏது? மொட்டை மாடி உண்டு, கடற்காற்று உண்டு. மண்ணே வேண்டாத ஆர்க்கிட் செடி இங்கே பொருந்தும். அதிலும், ஏறக்குறைய ஒரு சாண் உயரத்திலேயே பூத்துவிடும் குட்டை டெண்ட்ரோபியம் சிறிய மாடிக்கு மிக உகந்தது.

மரக்கிளைகளில் தொற்றி வாழ்வதால் இதைப் புல்லுருவி என எண்ணுவோர் உளர். அது தவறு. இது மரத்தின் சாற்றை உண்பதில்லை. வேரின் மேலுள்ள வெண்மையான பஞ்சு போன்ற உறை மழையையும் பனியையும் உறிஞ்சிக்கொள்கிறது. தடித்த தண்டு அதைச் சேமித்து வைக்கிறது. இதன் விதையோ தூசிக்கு ஒப்பானது. முளைக்கத் தேவையான உணவு அதனுள் இல்லை. 1922-இல் நட்சன் என்பார் சர்க்கரை கலந்த கூழில் ஆர்க்கிட் விதைகளை முளைக்கச் செய்தார். 1960-இல் மொரெல் என்பார் குருத்துத் திசுவிலிருந்தே கன்றுகள் எடுக்க வழி கண்டார். முன்பு செல்வர் வீட்டுப் பொருளாயிருந்த ஆர்க்கிட் நம் கைக்கு எட்டியது இவற்றாலேயே.

வாங்கும்போது இனத்தை விசாரியுங்கள். குளிரை நாடும் மலை இனங்கள் சென்னையில் நெடுநாள் நில்லா. ஆஸ்திரேலியாவின் வெப்பமான வடகரையைச் சேர்ந்த 'பிகிப்பம்' இனம் (1959-இல் குயின்ஸ்லாந்து மாநில மலரானது இதுவே) நம் வெயிலைத் தாங்கும். இதன் வழி வந்த குட்டைக் கலப்பினங்களைக் கேட்டு வாங்குக. காட்டிலிருந்து பெயர்த்து வந்த செடிகளை எவரேனும் மலிவாய்த் தந்தாலும் தொடற்க.

மேற்குத் தொடர்ச்சி மலையின் டெண்ட்ரோபியங்களை ஆராய்ந்தவருள் ராபர்ட் வைட் ஒருவர். அவருடைய தாவர நூல்களுக்கு ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள் படம் வரைந்தனர். 1842 முதல் கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சாகுபடிச் சோதனையை நடத்தியவரும் இவரே. பஞ்சுக்கும் ஆர்க்கிட்டுக்கும் இப்படியும் ஓர் உறவு!

தொட்டி சிறிதாயிருப்பதே நலம். வேர் நெருங்கியிருந்தால்தான் செடி பூக்கும். அடுப்புக்கரி, உடைத்த செங்கல், தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவை போதும். கோடையில் பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை அவசியம். இலை கரும்பச்சையாய்ச் செழித்தும் பூக்காவிடில் வெளிச்சம் போதவில்லை என்று பொருள்.

இனி, நம் பகுதிக்கே உரிய இடர்ப்பாடு தண்ணீர். எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கங்களில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்துள்ளது. குழாய்க் கிணற்று நீரை ஊற்றியே நாம் ஒரு கோடையில் நான்கு தொட்டிகளை இழந்தோம். கரியின் மேல் வெண்மையாய்ப் பூத்ததைச் சுண்ணாம்பென எண்ணி வாளாவிருந்தோம். வேர்நுனிகள் கருகிய பின்னரே அது உப்பு எனத் தெரிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைநீரைத் தொட்டியில் பிடித்து, கொசு புகாதபடி துணி கட்டி வையுங்கள். இயன்றவரை அதையே காலையில் ஊற்றுங்கள். உரம் லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேற்படாமல், வாரம் ஒருமுறை. மாதம் ஒருமுறை மழைநீரைத் தாராளமாய் ஊற்றிப் பழைய உப்பைக் கழுவிவிடுக. அடைமழை நாட்களில் செடிகளைக் கூரையடியில் வைக்காவிடில் குருத்து அழுகும்.

பூத்த தொட்டியைத் தனியே வைத்தால் தண்டுகள் வெறுமையாய்த் தோன்றும். அகன்ற தட்டொன்றில் பெரணி, பெப்பரோமியா, வண்ண இலைக் கலாடியம் ஆகியவற்றை அருகில் நிறுத்துங்கள். ஒரே தொட்டியில் சேர்த்து நடவேண்டாம். அவற்றுக்கு ஈரம் வேண்டும், ஆர்க்கிட்டின் வேருக்கோ காற்று வேண்டும். தொட்டி விளிம்புகளைத் தென்னை நாரால் மறைத்துவிடலாம். வர்ணப் பொருத்தத்தை நெசவாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உடலும் கரையும் ஒரே அளவில் உரக்கப் பேசினால் சேலை என்னாகும்? கத்தரிப்பூ நிற ஆர்க்கிட்டுக்குச் செந்நிறக் கலாடியம் ஒவ்வாது. சாம்பல் பச்சை பெப்பரோமியாவே பாந்தம். வெள்ளைப் பூவுக்கு எதுவும் இசையும்.

பூங்கொத்து பல வாரங்கள் வாடாது நிற்கும். உதிர்ந்ததும் பூக்காம்பை மட்டும் நறுக்கிவிட்டுச் செடியை மீண்டும் மாடிக்கு அனுப்புங்கள். பழைய தண்டை வெட்டற்க. மறு பூவுக்கான உணவு அதில்தான் இருக்கிறது.