உமி போட்ட கோடு
படியளந்த கதை – 19

இந்த வாரம் ஜவ்வாது மலையின் பட்டாக் கதையைச் சொல்வதாக எழுதியிருந்தேன். குறிப்புகளும் தயார். ஆனால் செவ்வாய்க்கிழமை கலசப்பாக்கத்தில் ஒரு தானியக் கடை வாசலில் ஒரு பிடி சாமையைக் கையில் எடுத்தேன். அதன் பிறகு வேறு எதையும் எழுத மனம் ஓடவில்லை. பட்டா ஒரு வாரம் பொறுக்கட்டும்.

இந்தத் தொடரில் இதுவரை சொன்ன ரேஷன் கதை இரண்டே வரியில்: 1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி. 1997-ல் ரேஷனை ஏழைக்கு வேறு, மற்றவர்க்கு வேறு என்று மத்திய அரசு பிரித்தபோது, தமிழ்நாடு பிரிக்க மறுத்து எல்லாருக்கும் ஒரே கடை என்று நின்றது. மீதி உங்களுக்குத் தெரியும்.

கலசப்பாக்கத்தில் நின்றால் ஒரு பக்கம் பர்வதமலை, வடமேற்கே ஜவ்வாது மலையின் நீலம், நடுவே மலையிலிருந்து இறங்கி வரும் செய்யாறு. தை மாதம் ரத சப்தமிக்கு அண்ணாமலையார் இந்த ஆற்றுக்குத்தான் தீர்த்தவாரிக்கு வருகிறார். வரும் வழியில் தன் நிலத்தைப் பார்த்து, விளைச்சல் கணக்கையும் கேட்டுக்கொள்வதாக ஐதீகம். என்ன விளைந்தது, எங்கே போனது என்று சாமியே வந்து கேட்கிற ஊர். இங்கே நின்று ஒரு தானியத்தின் கணக்கைக் கேட்பதில் தவறில்லை.

கடை வாசலில் இரண்டு மூட்டைகள் வாய் திறந்து கிடந்தன. ஒன்று கேழ்வரகு, இன்னொன்று மலையிலிருந்து வந்த சாமை. கேழ்வரகை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து ஊதினேன். தூசு பறந்தது, சிவந்த மணி அப்படியே நின்றது. சாமையை எடுத்துத் தேய்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய் பூசியதுபோல் பளபளவென்று நழுவியது. நகத்தால் கீறினேன், வழுக்கியது. கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "அது அப்படி வராது சார். உமி இறுக்கிப் புடிச்சிருக்கும். கேவுருக்கு உமி ஏது?" என்றார்.

கேவுருக்கு உமி ஏது! நாற்பது வருடமாகக் களி தின்றவன் நான். திரிகையில் அம்மா கேழ்வரகு அரைத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். ஒரு நாளும் இது எனக்குத் தோன்றவில்லை.

சிறுதானியம் என்று நாம் ஒரே பையில் போட்டுப் பேசுகிறோமே, அதில் இரண்டு சாதி உண்டு. சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றும் உமி ஒட்டாத மணிகள். களத்தில் அடித்துத் தூற்றினால் நேரே திரிகைக்கோ மாவு மில்லுக்கோ போகலாம். கம்பை நனைத்துக் குத்துவார்களே என்று கேட்பீர்கள். அது தவிட்டைப் போக்க. சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஐந்தும் உமிக்குள் பூட்டிய மணிகள். பூட்டைத் திறக்காமல் ஒரு வாய் சோறு கிடையாது.

இப்போது மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் சோளம் இருக்கிறது, கம்பு இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது. சாமை இல்லை. தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு எதுவும் இல்லை. உமி இல்லாத மூன்றும் உள்ளே. உமி உள்ள ஐந்தும் வெளியே! 2023-ல் தமிழ்நாட்டில் நீலகிரிக்கும் தருமபுரிக்கும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ சிறுதானியம் கொடுக்கத் தொடங்கினார்கள். எது? கேழ்வரகு. ஒடிசா 2017-ல் தொடங்கிய சிறுதானிய இயக்கத்தில் அரசு மூட்டை மூட்டையாகக் கொள்முதல் செய்வது எது? அதுவும் கேழ்வரகுதான்.

யாரோ உட்கார்ந்து திட்டமிட்டு இப்படிப் பிரித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. உமி உள்ளதை வாங்கினால் உமி நீக்கும் வேலையும் சேர்ந்து வரும். இந்தக் கொள்முதல்கள் அந்த வேலையைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. அப்படியே கோடு விழுந்துவிட்டது.

நெல்லுக்கும் உமி உண்டே? உண்டு. ஆனால் நெல்லின் உமியை நாடே கூடிக் கழற்றியது. சமவெளி முழுக்க அரவை மில், ஊருக்கு ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையம், நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நவீன அரிசி ஆலை, மின்சாரம், லாரி, கிடங்கு. இந்த ஏற்பாடு எதிர்ப்பில்லாமலும் வரவில்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா, 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் வழியாக அரிசி ஆலைகளை எதிர்த்துக்கொண்டே இருந்தார். தீட்டிய அரிசியில் சத்துப் போகிறது, நெல் குத்திப் பிழைக்கும் பெண்களின் கூலி போகிறது என்பது அவர் வாதம். அரசும் காது கொடுத்தது. கைக்குத்தலைக் காப்பதற்காக 1958-ல் அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்த ஒரு சட்டமே போட்டார்கள்.

குமரப்பாவை நான் கும்பிடுகிறேன். ஆனால் அவர் கணக்கு, கூலிக்கு நெல் குத்திய சமவெளிப் பெண்ணின் கணக்கு. மலையில் சாமை குத்தியவளுக்குக் கூலி கொடுத்தவர் யார்?

அதைக் கேட்கத்தான் புதன்கிழமை மலை ஏறினேன். போளூர் போய், அத்திமூர் வழியாக, ஜமுனாமரத்தூருக்குச் சற்று முன்னால் ஒரு சிற்றூர். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, திண்ணையோரம் கவிழ்த்து வைத்திருந்த கல் உரலை நிமிர்த்திக் காட்டினார். குழியின் ஒரு பக்கம் மற்றதைவிட ஆழமாகத் தேய்ந்திருந்தது. அவர் மாமியார் நின்று குத்திய பக்கமாம்.

"குத்திக் காட்டட்டா தம்பி?" என்றவர், நான் வேண்டாம் என்பதற்குள் அரைப் படி சாமையைக் கொட்டிவிட்டார். உலக்கை விழத் தொடங்கியது. ஐம்பது, அறுபது குத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கையை விட்டுத் துழாவி, மறுபடி குத்து. பிறகு அள்ளி முறத்தில் போட்டுப் புடைத்தார். வெள்ளைக்கு நடுவே பளபளவென்று குத்துப்படாத மணிகள் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தன. "இது ஒரு தரம். இன்னும் ரெண்டு தரம் போவணும்." மூன்றாவது புடைப்பில் அவர் கழுத்திலும் முழங்கையிலும் வேர்வையோடு உமி ஒட்டியிருந்தது. சுரண்டிக்கொண்டே சொன்னார்: "அரிப்பு ராத்திரிக்கும் இருக்கும்." அதோடு முடியவில்லை. சாமை அளவுக்கே பொடிக்கல் இருக்கும். அரிக்கஞ்சட்டியில் போட்டு அரிக்க வேண்டும். கடைசியில் கைக்கு வந்த அரிசியைப் பார்த்தேன். ஒரு ஆள் சாப்பாடு. கடிகாரத்தில் முக்கால் மணி நேரம் போயிருந்தது.

"அப்ப எத்தன பேரும்மா வூட்ல?"

"ஒம்போது பேரு. கோழி கூவறதுக்கு முன்னாடி நானும் நாத்தனாருமா எறங்கிடுவோம். மாத்தி மாத்திப் போடுவோம். விடியறப்போ தோளு நம்மளுது இல்ல. அதுக்கு மேல கொல்லைக்கு வேலைக்குப் போவணும்."

"நெல்லுச் சோறு?"

"தீவாளிக்கு, பொங்கலுக்கு, விருந்தாளி வந்தா."

பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்காகவே இந்த வாரத்தின் பக்கங்களைக் கொடுக்கலாம்: "ரேசன் அரிசி வந்தப்பறம்தான் தம்பி, நான் விடிஞ்சி எழுந்தேன்."

விலையில்லா அரிசி 2011 ஜூன் 1-ல் வந்தது. அட்டைக்கு 20 கிலோ. அந்தியோதயா அட்டை என்றால் 35 கிலோ. நாம் இதை ரூபாயில் கணக்குப் போடுகிறோம். மானியம் எத்தனை கோடி என்று சட்டமன்றத்தில் பேசுகிறோம். அந்த அம்மாவின் கணக்கில் அது உமி நீங்கி வந்த அரிசி. 35 கிலோ என்றால் அத்தனை கிலோவுக்கான உலக்கை வேலை மிச்சம். இந்த மாநிலத்தில் பெண்களின் தோளிலிருந்து இவ்வளவு பாரம் இறக்கிய சீர்திருத்தம் வேறு எத்தனை இருக்கும் என்று யோசிக்கிறேன். எந்தப் பட்ஜெட் உரையிலும் இந்த வரவு எழுதப்படவில்லை.

ஆகவே, ரேஷன் அரிசி வந்து மலையின் உணவைக் கெடுத்துவிட்டது என்று பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். மலைமக்கள் பாரம்பரியத்தை மறந்துவிடவில்லை. விதை இன்னமும் அவர்கள் வீட்டில் இருக்கிறது, பொங்கலுக்குச் சாமைச் சோறும் இருக்கிறது. இரண்டு சோற்றில் ஒன்று உலக்கையோடு வந்தது, ஒன்று உலக்கை இல்லாமல் வந்தது. பெண்கள் சரியானதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் இழப்பும் உண்டு. அதையும் எழுதாமல் விட்டால் கணக்கு நேராகாது. சாமை மழையை மட்டும் நம்பி, சரிவான கொல்லையில், உரம் கேட்காமல் மூன்று மாதத்தில் விளையும். இன்று மலையில் விளையும் சாமையில் பெரும்பகுதி உமியோடு மூட்டையாகக் கீழே இறங்குகிறது. உமி கீழே நீங்குகிறது. லாபமும் கீழேயே தங்குகிறது. நகரத்துக் கடைகளில் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று எழுதிய பாக்கெட்டில் அதே சாமை நிற்கும்போது, விளைத்தவர் வீட்டில் ரேஷன் அரிசி கொதிக்கிறது. மூட்டை இறங்கும் சாலையிலேயே அரிசி லாரி ஏறுகிறது.

இங்கே உமியைப் பற்றி இன்னொரு சேதி. நம் பாட்டிகள் சாமையை உமியோடு குதிரில் போட்டால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், பூச்சி அண்டாது. பஞ்ச காலத்துக்கு அதுதான் வைப்பு நிதி. உமி நீக்கிவிட்டால் சில மாதத்தில் தவிட்டு எண்ணெய் கெட்டு சிக்கு வாடை வந்துவிடும். அப்படியானால் எங்கோ தூரத்தில் ஒரு பெரிய ஆலை வைத்து மொத்தமாகத் தீட்டி அனுப்புவது இந்தத் தானியத்துக்குப் பொருந்தாது. இன்றைய சோற்றுக்கு இன்று, பக்கத்துத் தெருவில் உமி நீங்க வேண்டும். சாமைக்கு மில் மலைமேல்தான் இருக்க வேண்டும் என்று சாமையே சொல்கிறது.

முடியுமா? மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபோனியோ என்று ஒரு தானியம். சாமையைவிடப் பொடி, அதே உமிப் பூட்டு, அதே உரல், அதே பெண்கள். செனகல் நாட்டின் தொழிற்கல்வி ஆசிரியர் சனுசி டியாக்கிதே அதற்கென்றே ஓர் உமி நீக்கும் எந்திரம் செய்தார். 1996-ல் அதற்காக ரோலெக்ஸ் விருது பெற்றார். மணிக்கணக்கு வேலை நிமிடக்கணக்குக்கு வந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். மதுரை தானம் அறக்கட்டளை சிறுதானியப் பணிக்கு எடுத்துக்கொண்ட இடங்களில் ஜவ்வாது மலையும் ஒன்று; சிற்றூருக்கு ஏற்ற சிறு எந்திரம் அந்தப் பணியில் முக்கியமான பகுதி. திருவண்ணாமலைக்குப் பக்கத்திலேயே அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய ஏடிஎல் 1 என்ற சாமை ரகத்தையே வெளியிட்டிருக்கிறார்கள். நெல் மில்லில் போட்டால் சாமை நொறுங்கிக் குருணையாகும். அதற்கென்று தனி எந்திரம் இன்று கடையில் விற்கிறது. கல் பொறுக்கத் தனி எந்திரமும் உண்டு. விதையும் இருக்கிறது, எந்திரமும் இருக்கிறது, ஆய்வும் இருக்கிறது. இவற்றைச் சேர்த்துக் கட்டும் கயிறு அரசிடம்தான் உண்டு.

சத்தீஸ்கர் அந்தக் கயிற்றை ஒருமுறை கட்டிப் பார்த்தது. மத்தியப் பட்டியலில் இல்லாவிட்டால் என்ன என்று, 2021-ல் வரகுக்கும் சாமைக்கும் கிலோவுக்கு 30 ரூபாய் என்று மாநிலமே விலை அறிவித்து, வனப்பொருள் கூட்டுறவு அமைப்பின் வழியாக வாங்கியது. அங்கே சாமைக்குக் குட்கி என்று பெயர். உமி போட்ட கோட்டை ஒரு மாநிலம் தாண்டலாம் என்பதற்கு அது சாட்சி.

நமக்கு வாங்கும் வாயும் தயாராக இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட 1,545 பள்ளிகளில் 237 பள்ளிகள் தொலைவான மலைப்பகுதிப் பள்ளிகள். ஜவ்வாது மலையில் விளைந்து, ஜவ்வாது மலையில் உமி நீங்கிய சாமையை, ஜவ்வாது மலைப் பிள்ளைகளின் தட்டில் உப்புமாவாக, பொங்கலாகப் போட லாரியே வேண்டாம். சிற்றூர்க் கொத்துக்கு ஒரு மில், அதை நடத்த மகளிர் குழு, ஒரு நிலையான விலை. இந்த மூன்றும் இல்லாமல் மேடையேறி, சிறுதானியம் சாப்பிடுங்கள் என்று மலைமக்களுக்குச் சொல்வது, அந்த அம்மாவின் கையில் மறுபடி உலக்கையைக் கொடுப்பதாகும். அதைச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

இதையெல்லாம் அந்தத் திண்ணையிலேயே அவரிடம் சொன்னேன். அரசாங்கம் நெல் வாங்குகிற மாதிரி சாமையும் வாங்கினால் கொடுப்பீர்களா என்றேன். "குடுக்காம?" என்றார். பிறகு, சமவெளியில் கொள்முதல் நிலையத்தில் நெல் போட என்னென்ன கேட்பார்கள் என்று விசாரித்தார். சிட்டா கேட்பார்கள், அடங்கல் கேட்பார்கள் என்றேன்.

உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, எதிரே சரிவில் தெரிந்த கொல்லையைக் காட்டினார். "எங்க மாமனாரோட அப்பா காலத்துலருந்து உழுவறோம் தம்பி. காயிதம் மட்டும் இல்ல."

பட்டாவை ஒதுக்கிவிட்டு உமியைத் தேடிப் போனேன். உமியை நீக்கிப் பார்த்தால் உள்ளே பட்டாதான் இருக்கிறது. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம், 2008-ல் தமிழ்நாட்டில் பட்டா கொடுக்க விழுந்த நீதிமன்றத் தடை, அது நீங்க 2016 வரை காத்திருந்த கொல்லைகள். அடுத்த வாரம்.